குடும்பப் பெயரை ஒட்டி வரும் 'தி' பெயர்: 'வழங்குபெயர்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

குடிவழி மென்பொருளின் தமிழாக்கத்தில், பிரெஞ்சுக் கனடியர்களின் 'தி' (dit) பெயருக்கு, அதாவது 'ருவா தி தேஜார்தான்' என்பதுபோல் குடும்பப் பெயரை அடுத்து 'தி' போட்டு வரும் இரண்டாம் பெயருக்கு, என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் படித்தேன். கனடாவின் பிரெஞ்சு மாநிலமான கியூபெக்கின் பங்குக்கோயில் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> புனைபெயர் போதாதா?

போதாது. புனைபெயர் ஒருவர் தாமே வைத்துக்கொள்வது, அவரோடு முடிந்துவிடும். 'தி' பெயர் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கும். சொல் தேடும்போது இதை நாம் விட்டுவிடக் கூடாது.

> பட்டப்பெயர்தானே?

தொடக்கம் அப்படித்தான். 1665இல் பிரான்சிலிருந்து கரிஞ்ஞான்-சலியேர் என்ற படைப்பிரிவு கியூபெக் வந்தது. ஏறத்தாழ 1,200 சிப்பாய்களில் 400 பேர் போல அங்கேயே குடியேறினார்கள். படையில் வைத்த பெயர் பலருக்கும் ஒட்டிக்கொண்டது: லாஃப்ளேர் (பூ), சான்சூசி (கவலையில்லாதவன்), ஜோலிகேர் (நல்ல மனசுக்காரன்). நம் ஈழத்து வழக்கின் 'இயக்கப்பெயர்' நினைவுக்கு வரலாம், ஆனால் அது பரம்பரையாக இறங்குவதில்லை. சிலருக்குச் சொந்த மண்ணே பெயரானது. பிரான்சின் ஆன்ழு பகுதியிலிருந்து வந்தவர் லான்ழ்வேன். இப்படி ஊரால் வந்த பெயர்களில் கேலியும் இல்லை, பட்டமும் இல்லை.

ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். அந்தப் படையில் வந்தவர் அந்துவான் ருவா தி தேஜார்தான். அவர் வழியில் 1854இல் லெவி நகரில் பிறந்தவர் அல்போன்ஸ் தேஜார்தான், 1900இல் அங்கே மக்கள் சேமிப்பு வங்கியைத் தொடங்கியவர். அவருடைய அப்பா பிரான்சுவா ருவா தி தேஜார்தான், அம்மா கிளாரிஸ் மிவில் தி தேஷேன். பெற்றோர் இருவருக்குமே இரட்டைப் பெயர்! மகன் 'ருவா'வை விட்டுவிட்டுத் தேஜார்தான் என்றே அறியப்பட்டார். ருவாவை மட்டும் தேடினால் அவர் கிடைக்காமல் போகலாம். இதே குடிவழியில் வேறு கிளையினர் ருவாவாகவே தொடர்ந்தார்கள். ஒரே ஆள் ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயரிலும் திருமணப் பதிவில் இன்னொரு பெயரிலும் இருப்பதும் உண்டு. அப்புறம் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் போனவர்களில் சிலர் ருவாவை (பிரெஞ்சில் 'அரசன்') ஆங்கிலத்தில் 'கிங்' என்று மாற்றிக்கொண்டார்கள். தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு நல்ல விஷயம், அந்தப் பதிவேடுகளில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார்கள். திருமணப் பதிவில் பெரும்பாலும் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் இருக்கும். கிளாரிஸின் பிறந்த வீட்டை அதனால்தான் தேடிப் பிடிக்க முடிகிறது.

> மறுபெயர்?

இது ஏறக்குறைய சரி. ஆனால் மறுபெயர் என்றதும் ஒன்று உண்மை, மற்றது மாற்று என்று தோன்றிவிடுகிறது. இங்கே எது முதல் என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

என் பரிந்துரை: வழங்குபெயர். 'தி' என்பதற்குப் பிரெஞ்சில் 'சொல்லப்படும்', 'அழைக்கப்படும்' என்று பொருள். 'வழங்கு' அதை அப்படியே சொல்லிவிடுகிறது. வினைத்தொகை என்பதால் வழங்கிய, வழங்குகிற, வழங்கும் என்று முக்காலமும் அடங்கும். தலைமுறை கடந்து போகும் பெயருக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. தாவரங்களின் வட்டாரப் பெயரையும் வழங்குபெயர் என்பதால் குழம்பும் என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். நியாயமான கவலைதான். தனித்துக் காட்ட வேண்டிய இடத்தில் 'குடும்ப வழங்குபெயர்' என்று போடலாம்.

நடுவில் வரும் 'தி'க்குப் புதுச்சொல்லே வேண்டாம். நம் பத்திரங்களிலும் காவல்துறைக் குறிப்புகளிலும் 'சுப்பையா (எ) முருகன்' என்று எழுதுகிறோமே, அந்த 'என்கிற' போதும். மூலப் பதிவை அப்படியே படியெடுக்கும் இடத்தில் மட்டும் 'தி' இருக்கட்டும்.

மென்பொருளில் இப்படி வரும்:

பெயர்: பிரான்சுவா
குடும்பப் பெயர்: ருவா
குடும்ப வழங்குபெயர்: தேஜார்தான்
காட்சி: பிரான்சுவா ருவா (எ) தேஜார்தான்

அகரவரிசையில் ருவா, தேஜார்தான் இரண்டின் கீழும் இவர் வர வேண்டும். நிரல் எழுதும் நண்பர்கள் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இதைவிடச் சிறிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.