கேப்ஸ்லாக்கை மாற்றியபின் டச்பேட் துள்ளுகிறது: கீடி (விசைகளை மாற்றும் தனி நிரல்) வேணுமா, எக்ஸ்கேபி (டெஸ்க்டாப்போடு வரும் கீபோர்டு அமைப்பு) போதுமா?

அரைப்புள்ளி:
லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ், க்நோம் டெஸ்க்டாப், திரையைக் கையாள வேலண்ட். கேப்ஸ்லாக்கைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கன்ட்ரோல் என்று கீடியில் அமைத்தாச்சு. அதிலிருந்து டைப் செய்யும்போது உள்ளங்கை பட்டால் கர்சர் வேறு வரிக்குத் தாவுகிறது. டைப் செய்யும்போது டச்பேடை முடக்கும் அமைப்பு ஆனில்தான் இருக்கு.

பழையவிசை:
சினாப்டிக்ஸ்னு பழைய டச்பேட் டிரைவர் போடுங்க, கூடவே டைப் அடிக்கும்போது டச்பேடை நிறுத்தும் சின்டீமன் நிரல். கடைசி விசைக்கு அப்புறம் டச்பேட் எத்தனை விநாடி சும்மா இருக்கணும்னு நாமே சொல்லலாம், சொல்லலைன்னா 2. இப்போ டச்பேடைக் கையாளும் லிப்இன்புட் மென்பொருளோட பழைய பதிப்புகள்ல அந்த உரிமையே கிடையாது.

கரும்முனையம்:
கிடையாதுதான். அவற்றில் டச்பேட் முதல் விசைக்கு 200 மில்லிவிநாடி நிற்கும், தொடர்ந்து அடித்தால் 500, மாற்ற முடியாது. ஆனா சினாப்டிக்ஸ், வேலண்டுக்கு முந்தைய திரை அமைப்பான எக்ஸ்ஆர்கில் மட்டும்தான் ஓடும். உபுண்டு 25.10-இல் க்நோமுக்கு எக்ஸ்ஆர்க் அமர்வையே எடுத்தாச்சு.

கோளாறு டிரைவரில் இல்லை. கீடி நிஜக் கீபோர்டைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு, மெய்நிகர் கீபோர்டு ஒன்றின் வழியாக விசைகளை அனுப்புகிறது. லிப்இன்புட் அதை வெளியே செருகிய கீபோர்டு என்று நினைத்து, டச்பேடோடு சேர்ப்பதில்லை. ஈடிசி (/etc) அடைவுக்குள் லிப்இன்புட் (libinput) என்ற அடைவில் லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவிர்க்ஸ் (local-overrides.quirks) என்ற சாதன விதிவிலக்குக் கோப்பை உருவாக்குங்க (உள்ளே எல்லாம் ஆங்கில எழுத்தில்). சதுர அடைப்புக்குறிக்குள் ஏதாவது ஒரு தலைப்பு. அடியில் மூன்று வரி:

MatchUdevType=keyboard
MatchName=keyd virtual keyboard
AttrKeyboardIntegration=internal

லாக்அவுட் செய்து திரும்ப வாங்க. இதில்தான் பலர் ஏமாறுவது: லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் என்ற சோதனைக் கட்டளை கோப்பைத் தானே புதிதாகப் படிப்பதால் உடனே சரியாகக் காட்டும், டெஸ்க்டாப்போ பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும்.

சிறுகுறிப்பு:
ஒரு விசைக்காக ரூட் (நிர்வாகி) அனுமதியில் டீமனா (பின்னணி நிரலா)? க்நோம் ட்வீக்ஸ் செயலியில் கீபோர்டு பகுதிக்குப் போய், கேப்ஸ்லாக்கைக் கன்ட்ரோலாக்கும் எக்ஸ்கேபி விருப்பத்தை டிக் செய்தால் முடிந்தது. புதுச் சாதனம் எதுவும் முளைக்காது, குவிர்க்ஸும் வேண்டாம்.

கரும்முனையம்:
கன்ட்ரோல் மட்டும் போதும்னா உங்க வழிதான் சரி. அவர் கேட்பது தட்டினால் ஒன்று, பிடித்தால் வேறொன்று. அந்த விருப்பத்தால் அது முடியாது. டெஸ்க்டாப் இல்லாத கன்சோலிலும் கீடி வேலை செய்யும்.

சிறுகுறிப்பு:
சரி, யூஎஸ்பி கீபோர்டும் செருகியிருந்தால்? கீடி அமைப்புக் கோப்பின் ஐடிஸ் பகுதியில், எல்லாக் கீபோர்டுக்கும் என்று நட்சத்திரம் போட்டிருப்பார். இரண்டும் ஒரே மெய்நிகர் கீபோர்டுக்குள் போகும். வெளிக் கீபோர்டில் அடித்தாலும் டச்பேட் செத்துப்போகும். உங்க மருந்து கொண்டுவந்த நோய்.

கரும்முனையம்:
உண்மை. நட்சத்திரத்தை எடுத்துட்டு லேப்டாப் கீபோர்டின் ஐடியை மட்டும் எழுதணும். கீடி மானிட்டர் கட்டளையை ஓடவிட்டால் காட்டும், பெரும்பாலும் 0001:0001. தப்பாக எழுதி விசைகள் சிக்கிக்கொண்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்க, கீடி நின்றுவிடும்.

பழையவிசை:
அப்போ பழைய பதிப்புல அந்த 500-ஐ மாத்த வழியில்ல. அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்.