பல்கலைக்கழக விடுதியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அறை எப்படி ஒதுக்கப்படுகிறது?

தம்பலகாமத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணரின் மகள், அதாவது எனது பெறாமகள், இம்முறை பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறும் முதற் பிள்ளை அவள்தான். அண்ணர் தம்பலகாமத்தில் வயல் செய்கிறார். நான் திருகோணமலை நகரில் வேலை பார்ப்பதால், படிவம் நிரப்புவது, கடிதம் எடுப்பது என்று எல்லாமே என் தலையில் வந்து விழுந்துள்ளன.

எனக்கு மூன்று விடயங்களில் தெளிவு வேண்டும். முதலாவது, முதலாம் ஆண்டில் விடுதி கட்டாயம் கிடைக்குமா, அதை எதைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்? இரண்டாவது, அண்ணருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை. பெரும்போகம் வாய்த்தால் கையில் கொஞ்சம் இருக்கும், சிறுபோகத்துக்குக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட வருமானத்தைப் படிவத்தில் எப்படிக் காட்டுவது? மூன்றாவதுதான் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருக்கிறது. இவளுடன் நகரப் பாடசாலையில் ஒன்றாக உயர்தரம் படித்த தோழி ஒருத்தியும் அதே பீடத்துக்குத் தெரிவாகியுள்ளாள். இருவரையும் ஒரே அறையில் போடச் சொல்லிக் கேட்க முடியுமா? பிள்ளைக்குச் சிங்களம் பேச வராது என்பதால், முன்பின் அறியாத பிள்ளைகளோடு எப்படி இருக்கப்போகிறாள் என்று அண்ணி இரவில் சரியாக உறங்குவதில்லை.

உப்புவெளி மாணவி எழுதியது:

ஐயா, பெறாமகளுக்கு என் வாழ்த்துக்கள். நான் பேராதனையில் இறுதி ஆண்டில் படிக்கிறேன்.

விடுதியைப் பற்றி வீட்டார் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. நாட்டின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டினருக்கும் இறுதி ஆண்டினருக்குமே விடுதியில் முன்னுரிமை வழங்கப்படுகிறது. இடையில் உள்ள ஆண்டுகளில்தான் பலர் வெளியே போர்டிங் தேடி அலைகிறார்கள். விண்ணப்பித்தவர்களுக்குள்ளும் வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தூரமும் குடும்ப வருமானமும் பார்க்கப்படும். தம்பலகாமத்திலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று வரும் பாதை நூற்றைம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கும். எனவே தூரத்தைக் காட்டி உங்களை யாரும் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கும்போது வருமான விபரம் கொடுத்தாயிற்று, அதுவே விடுதிக்கும் போதும் என்று நினைத்து, விடுதிப் படிவத்தை அனுப்பாமல் விட்ட ஒரு பிள்ளை எங்கள் தொகுதியில் இருந்தாள். இரண்டும் வேறு வேறு விண்ணப்பங்கள். கடைசி நாள் கடந்த பிறகு ஓடித்திரிந்து, ஒரு மாதம் கண்டியில் உறவினர் வீட்டில் இருந்துதான் அவள் விரிவுரைக்கு வந்தாள்.

அறைத் தோழிகளைப் பொறுத்தவரை, எனக்குக் கிடைத்த அறையில் நான்கு கட்டில்கள் இருந்தன. ஒருத்தி குருநாகல், ஒருத்தி மாத்தளை, மற்றவள் பருத்தித்துறை. நானும் உங்கள் பெறாமகளைப் போலத்தான், நன்றி என்று பொருள்படும் "ஸ்துதி" என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் அறியாமல் போனேன். முதல் வாரம் கையசைவிலும் உடைந்த ஆங்கிலத்திலும் கழிந்தது. குருநாகல்காரி வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பெட்டியைத் திறந்த அன்று, நான் அம்மா செய்து தந்த பனங்காய்ப் பணியாரத்தை எடுத்து வைத்தேன். அதை எப்படிச் செய்வது என்று அவளுக்கு விளங்கப்படுத்த முயன்ற அந்த அரை மணித்தியாலத்தில்தான் என் சிங்களம் தொடங்கியது.

ஓய்வுபெற்ற சப் வார்டன் எழுதியது:

தம்பி, நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் விடுதியில் பல ஆண்டுகள் உப காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடுகள் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதி கிடைப்பதும் அறை கிடைப்பதும் ஒன்றல்ல. யாருக்குக் கட்டில் கொடுப்பது என்பதை மாணவர் நலச்சேவைப் பிரிவு தூரத்தையும் வருமானத்தையும் வைத்துப் பட்டியலிட்டு அனுப்பும். அந்தப் பட்டியல் எங்கள் கைக்கு வந்த பிறகு, எந்த அறையில் எந்தக் கட்டில் என்பது எங்கள் பொறுப்பு. வெளியில் இருப்பவர்கள் இதில் ஏதோ பெரிய கணக்கு இருப்பதாக எண்ணுகிறார்கள். உண்மையில் நான் செய்தது, பதிவிலக்க வரிசைப்படி மேலிருந்து கீழாக நிரப்பிக்கொண்டு போனதுதான். மூட்டு வருத்தம், இழுப்பு போன்ற நோய் உள்ள பிள்ளைகள் வைத்திய நிபுணரின் கடிதத்தோடு வந்தால் அவர்களைக் கீழ்த்தளத்துக்கு எடுப்பேன். ஒரே அறையில் நால்வருக்கும் பொது மொழி இல்லாமற் போய்விட்டால் ஓரிருவரை மாற்றிப் போடுவேன்.

தூரத்தைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி நேரும் சங்கடம். திருகோணமலைக்குக் கிட்டிய ஒரு கல்வி நிறுவனத்தில், மூதூர்ப் பிள்ளை ஒன்றின் விண்ணப்பத்தை "அண்மையில் வசிப்பவர்" என்று எழுதி ஒதுக்கிவிட்டார்கள். எழுதுவினைஞர் வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்து, கொட்டியாரக் குடாவின் மேலாகவே நேர்கோட்டில் அளந்திருக்கிறார். கரையில் நின்றால் மூதூர் கண்ணுக்குத் தெரிவது உண்மைதான். ஆனால் பஸ்ஸில் போகும் பிள்ளை கிண்ணியாவைச் சுற்றித்தானே வர வேண்டும்? 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை பாதை எனும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த நமக்கு அது சொல்லாமலே தெரியும், மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. தந்தை கிராம உத்தியோகத்தரிடம் தரைவழித் தூரத்தை எழுதி எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் மேன்முறையீடு செய்த பிறகு கட்டில் கிடைத்தது. ஆகவே பேராதனைக்கு இது தேவைப்படாது என்றாலும், வதிவிடச் சான்றிதழ் எடுக்கும்போதே தரைவழித் தூரத்தையும் குறிப்பிடச் சொல்லுங்கள்.

வயல் வருமானத்துக்கு, எத்தனை ஏக்கர், சொந்தக் காணியா குத்தகையா, இரு போகங்களிலும் செலவு போக என்ன மிஞ்சுகிறது என்பதை ஆண்டுக் கணக்காகக் கிராம உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுங்கள். அவர் அதை உறுதிப்படுத்துவார், பிரதேச செயலகம் மேலொப்பமிடும். ஒரு போகம் அழிந்திருந்தால் அதையும் எழுத வேண்டும். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கிடைப்பதாயின் அத்தாட்சியை இணையுங்கள். படிக்கும் சகோதரர்கள் இருந்தால் பாடசாலைக் கடிதங்களையும் வையுங்கள். வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது புத்தி சொன்னால் காதில் போடாதீர்கள். பொய் விபரம் பிடிபட்டால் கட்டில் போவதோடு நிற்காது.

தோழியை ஒரே அறையில் போடுவது பற்றி: கேட்கலாம், கேட்பதில் குற்றமில்லை. ஆனால் முதல் நாளில் முந்நூறு பிள்ளைகள் பெட்டியோடு வரிசையில் நிற்கும்போது எந்த சப் வார்டனும் அதைக் கவனிக்கமாட்டார். இரண்டு, மூன்று வாரம் சென்ற பின், இரு அறைகளிலும் உள்ள பிள்ளைகள் சம்மதித்துக் கையொப்பமிட்ட கடிதத்தோடு வந்தால் மாற்றிக் கொடுப்போம். அப்படி மாற்றக் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேர், கடிதம் எழுதும் நேரம் வருவதற்குள் மனம் மாறிவிட்டார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

கடல் கடந்தவன் எழுதியது:

நான் திருகோணமலையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் வசிப்பவன். என் மகன் இங்கே கல்லூரியில் சேர்ந்தபோது இதே கேள்வியை நானும் கேட்டேன், எனவே இரண்டு சங்கதிகளைப் பகிர்கிறேன்.

இங்கே பல கல்லூரிகளில் அறைத் தோழரைப் பிள்ளைகளே சமூக வலைத்தளங்களில் தேடிப் பிடித்துக்கொள்ளலாம். அதன் விளைவு என்னவென்றால், ஒரே மாதிரியான குடும்பம், ஒரே மாதிரியான ஊர் என்று தம்மைப் போன்றவரையே தேர்ந்தெடுக்கிறார்கள். டியூக் பல்கலைக்கழகம் இதைப் பார்த்து, 2018 இல் சேர்ந்தவர்களிலிருந்து முதலாம் ஆண்டினர் தாமே தோழரைத் தெரிவுசெய்வதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. டார்ட்மத் கல்லூரியில் முன்பு வேறொரு முறை இருந்தது. புகைப்பீர்களா, படிக்கும்போது பாட்டுக் கேட்பீர்களா, இரவில் நெடுநேரம் விழித்திருப்பீர்களா, அறையைத் துப்புரவாக வைப்பீர்களா என்ற நாலைந்து கேள்விகளுக்கு விடை வாங்கி, ஒத்த விடை சொன்னவர்களுக்குள் குலுக்கல் போலச் சேர்த்துவிடுவார்கள். புரூஸ் சசர்டோட் என்ற பொருளியலாளர் அந்தப் பிள்ளைகளின் விபரங்களை ஆராய்ந்து 2001 இல் வெளியிட்ட கட்டுரையில், அறைத் தோழரின் தாக்கம் முதலாம் ஆண்டுப் புள்ளிகளிலும், மாணவர் சங்கங்களில் சேர்வதிலும் தெரிகிறது, ஆனால் எந்தப் பாடத்தை முதன்மைப் பாடமாக எடுப்பது என்பதில் தெரியவில்லை என்று காட்டினார்.

நம் நாட்டில் அந்த நாலு கேள்விகூடக் கேட்பதில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. மொழியைவிட, ஒருத்தி பத்து மணிக்கு விளக்கை அணைக்க மற்றவள் இரண்டு மணி வரை படிப்பதுதான் அறைக்குள் சண்டையைக் கொண்டுவரும்.

தம்பலகாமத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. சப் வார்டன் அம்மா எழுதியதை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். தோழி விடயத்தை இப்போதைக்கு விட்டுவிடச் சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் கேட்கத் தயங்கிய ஒன்றை நானே கேட்டுவிடுகிறேன். பகிடிவதைக்கு விடுதியில் என்ன பாதுகாப்பு?

ஓய்வுபெற்ற சப் வார்டன் எழுதியது:

நியாயமான பயம், தம்பி. 1997 இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததை நம் தலைமுறை மறக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே, பகிடிவதையைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் அது குற்றமே. ஈராண்டு வரை கடூழியச் சிறை உண்டு, பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ சேர்ந்தால் பத்தாண்டு வரை போகும். புதியவர்களைத் தனிக் கட்டடத்திலோ தனித் தளத்திலோ பல இடங்களில் வைப்பதற்கு இதுவே முதற் காரணம். எனவே அறை மாற்றம் கேட்கும்போது, சீனியர்கள் இருக்கும் தளத்துக்குப் போகும் மாற்றத்தைக் கேட்க வேண்டாம். உபகாப்பாளரின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே பிள்ளை தன் தொலைபேசியில் மட்டுமன்றி, ஒரு தாளிலும் எழுதி வைத்திருக்கட்டும்.

உப்புவெளி மாணவி எழுதியது:

முதல் நாளுக்கான சிறு குறிப்பு, ஐயா. கட்டில், மெத்தை, மேசை, கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் பொறுப்பேற்றதாகக் கையொப்பம் வாங்குவார்கள். கதிரையின் கால் உடைந்திருந்தால் அதைத் தாளில் எழுதிய பிறகே கையொப்பமிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் போகும்போது பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். தலையணை, படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, வாளி, அலுமாரிக்கு ஒரு நல்ல பூட்டு ஆகியவற்றை இங்கிருந்தே கொண்டு போகலாம். தம்பலகாமத்து வெக்கையில் வளர்ந்த பிள்ளைக்குப் பேராதனை விடியற்காலை குளிரும், தடித்த போர்வை ஒன்றும் வேண்டும். மின் கேத்தலையும் சோறு சமைக்கும் குக்கரையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவற்றைப் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.