பிளேர் பிளேன் குடும்பம் 🏠

தெம்பனிஸ் அத்தை: சனிக்கெழம பழைய சாமான் எடுக்குற காராங்குனி ஆள் வரான். தாத்தா ரூம் பேப்பர், புக்கு எல்லாம் போடப்போறேன், வேணுங்கிறவங்க வெள்ளிக்குள்ள வந்து எடுங்க

பிரியா: கிரைண்டர் எனக்கு!!

குமார் அண்ணன்: அது பெரியம்மாவுக்குன்னு தாத்தாவே சொன்னாரு

பிரியா: யார்கிட்ட 🤨

தெம்பனிஸ் அத்தை: 📷 இது யார் கையெழுத்து? புக்குக்குள்ள இருக்கு

ஈசூன் சித்தப்பா: அக்கா அத போட்றாதீங்க!! ஜேபிஜே கையெழுத்து. ஜெயரத்தினம், யாழ்ப்பாணம் சங்கானையில பொறந்தவரு, இங்க சிங்கப்பூர்ல வக்கீலு, மாவட்ட நீதிபதியாகூட இருந்தாரு, 71ல எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிய எடுத்து நடத்தி நின்னு நின்னு தோத்து, 81ல தேவன் நாயர் அதிபரானதும் நம்ம ஆன்சன் தொகுதில இடைத்தேர்தல் வந்துச்சுல்ல, அப்ப நம்ம பிளேர் பிளேன் துறைமுகக் குவார்ட்டர்ஸ், கண்டெய்னருக்கு எடம் வேணும் காலி பண்ணுன்னுட்டாங்க, மாத்து வீடு எங்கன்னு பதில் இல்ல, பிளாக்கே கொதிச்சுப்போய் கெடந்துச்சு. 653 ஓட்டுல ஜெயிச்சாரு. 68லேர்ந்து எல்லா சீட்டும் ஆளுங்கட்சிதான், இவருதான் மொத எதிர்க்கட்சி ஆளு

குமார் அண்ணன்: ஆரம்பிச்சிட்டாருயா 😂

பெரியம்மா: ஓட்டுக் கதைய ஏன் இப்ப எடுக்குற. உங்க அண்ணன் அவரு கட்சி சுத்தியல் சின்னத்துக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறாரு, ஓட்டுச்சீட்டுல நம்பர் இருக்கு வேல போயிரும்னு ராத்திரி பூரா தூங்கல நானு

தெம்பனிஸ் அத்தை: அப்பா யாருக்குப் போட்டாரு?

ஈசூன் சித்தப்பா: என்கிட்ட சொல்லிருக்காரு

பெரியம்மா: உன்கிட்டயா 🙄

பிரியா: புக்கு எங்க வாங்குனது? கடையிலயா

ஈசூன் சித்தப்பா: கடையா! அவரு எழுதுன புக்க அவரே எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல நின்னு வித்தாரும்மா. 86ல கட்சி கணக்கு கேஸ்ல ஒரு மாசம் ஜெயில் 5000 வெள்ளி அபராதம், சீட்டு போச்சு அப்புறம் வக்கீல் தொழிலும் போச்சு. 88ல லண்டன் பிரிவி கவுன்சில், அப்ப நமக்கு மேல்கோர்ட்டு, அநியாயம்னு சொல்லி தொழில மட்டும் திருப்பிக் குடுத்துச்சு. 97ல தோத்த எதிர்க்கட்சி ஆளுக்குக் குடுக்குற தொகுதியில்லா உறுப்பினரா பார்லிமெண்டுக்குள்ள போனாரு, அவதூறு வழக்குக் கடன்ல 2001ல திவால், அதுவும் போச்சு. அப்பதான் அந்த நரைச்ச கிருதாவோட நின்னு விப்பாரு, அப்பா ரெண்டு வாங்குனாரு சில்லற வாங்கல. திவால் தீந்ததும் 2008ல 82 வயசுல சீர்திருத்தக் கட்சின்னு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாருய்யா, அந்த செப்டம்பரே போயிட்டாரு

குமார் அண்ணன்: ரெண்டா? இன்னொண்ணு எங்க

பெரியம்மா: அத நான் அப்பவே போட்டுட்டேன். யாராச்சும் வந்து பாத்தா?

ஈசூன் சித்தப்பா: அண்ணி!!!!

பெரியம்மா: கத்தாத. புள்ள அப்ப என்எஸ்ல, கட்டாய ராணுவ சேவையில இருந்தான்

குமார் அண்ணன்: என்னைய ஏன் இழுக்குறீங்க 😂

தெம்பனிஸ் அத்தை: சரி வெள்ளி 8 மணிக்கு மேல வாங்க. சாப்பாடு யாரு

பிரியா: சித்தப்பாதான் பிரியாணி

ஈசூன் சித்தப்பா: போன தடவையும் நான்தான்