மாஸ்க் போட்டு முங்கினால் கை எட்டுவதில்லை, பழக என்ன வழி?

கேள்வி (பாம்பன்):
தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கடற்பாசி எடுக்கப் பழகுகிறேன். மாஸ்க் வழியே பார்த்துக் கையை நீட்டினால் பாறைக்கு முன்னாலேயே விரல் நின்றுவிடுகிறது. மேலே வந்ததும் வள்ளத்தின் விளிம்பைப் பிடிக்கவும் தடுமாற்றம். கோளாறு கண்ணிலா, மாஸ்க்கிலா?

பதில் 1:
இரண்டிலும் இல்லை தம்பி. நீரின் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) 1.33. தண்ணீரிலிருந்து மாஸ்க்குக்குள் இருக்கும் காற்றுக்கு வரும்போது ஒளி வளைவதால், கண்ணாடிக்கு 40 செ.மீ. தள்ளி உள்ள பாசி ஏறக்குறைய 30 செ.மீ.யில் தெரியும். மூளை அதை நம்பிக் கையைக் குறைவாக நீட்டுகிறது. பழகப் பழகக் கணக்கை அதுவே திருத்திக்கொள்ளும்.

மார்பளவு தண்ணீரில், தரை தெளிவாகத் தெரியும் நாளில் பழகுங்கள். வெள்ளைச் சிப்பி ஒன்றைப் பாறைமேல் வையுங்கள். கையைப் பார்வைக்கு வெளியே, இடுப்போரம் வைத்துக்கொண்டு ஒரே வீச்சில் தொடப் பாருங்கள். விரல் எங்கே விழுந்தது என்று பார்த்துவிட்டு மறுபடி நீட்டுங்கள். இருபது வீச்சு, பிறகு ஓய்வு. சிப்பியை 30 முதல் 60 செ.மீ. வரை மாற்றி மாற்றி வையுங்கள். கையைப் பார்த்தபடியே மெல்லக் கொண்டுபோகாதீர்கள். சிப்பியைப் போலக் கையும் கிட்டத்தில்தான் தெரியும், அதனால் பிழை வெளிப்படாது, மூளைக்குத் திருத்த ஒன்றும் கிடைக்காது. ஒரு கை பழகியது மறு கைக்கு முழுதாக வராது, இரண்டையும் பழக்குங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் முங்கவே வேண்டாம்.

பதில் 2:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. வேறொருவர் உங்கள் கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினால் பலன் குறைவு. பார்ப்பதை ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி போட்டவர்களை வைத்து உளவியலாளர் ரிச்சர்ட் ஹெல்டு செய்த சோதனைகளில், கையைத் தானே அசைத்தவர்கள்தான் நன்றாகப் பழகினார்கள்.

மேலே வந்த பிறகு வரும் தடுமாற்றம் மூளை பழகத் தொடங்கியதற்கு அடையாளம். நீருக்கடியில் கற்ற கணக்கையே காற்றிலும் போடுவதால் கை கொஞ்சம் தாண்டிப் போகும். மாஸ்க்கைக் கழற்றிச் சில நிமிடம் கயிறு, கூடை என்று தொட்டு எடுத்தால் சரியாகும். அதுவரை கத்தியைத் தொடாதீர்கள். நாளாக ஆக, மாஸ்க் போட்டால் ஒரு கணக்கு, கழற்றினால் ஒரு கணக்கு என்று மூளை உடனே மாறிக்கொள்ளும்.

கேள்வி:
வடகடல் (பாக் விரிகுடா) கலங்கலாக இருக்கும்போது தூரத்துப் பாறை இன்னும் தள்ளி இருப்பதாகத் தெரிகிறதே?

பதில் 1:
அது வேறு காரணம். கலங்கலில் நிறமும் விளிம்பும் மங்கும். மங்கலாகத் தெரிவதை மூளை தொலைவு என்று எடுத்துக்கொள்ளும். கை எட்டும் தூரத்தில் பழகியது அங்கே உதவாது. கலங்கல் நாளில் ஒரு கையை முன்னால் நீட்டியபடியே நீந்துங்கள்.