மீன்பிடிப் படகு டீசலுக்கு எந்த உமிழ்வுக் காரணி?

கேள்வி: நாட்டின் பச்சைவீட்டு வாயுக் கணக்கெடுப்புக்காகக் கேட்கிறன். திருகோணமலை கொட்பே துறைமுகப் பலநாள் படகுகளின் டீசல் விற்பனை லீற்றரில்தான் இருக்கு. உமிழ்வுக் காரணியோ (ஓரலகு சக்திக்கு எவ்வளவு வாயு வெளியேறும் என்ற எண்) டெராயூலுக்குக் கிலோகிராம். எப்படி மாற்றுவது? ஆழ்கடலுக்குப் போறதைச் சர்வதேசக் கணக்கில் போடவேணுமா?

பதில் 1: வேண்டாம் தம்பி. 2006 ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு) வழிகாட்டியில் மீன்பிடிக்கு 1.ஏ.4.சி.iii என்று தனி வகை. எங்கே ஓடினாலும், எரிபொருள் நிரப்பிய நாட்டுக் கணக்குத்தான். சரக்குக் கப்பலின் சர்வதேசப் பயணம் வேறு. அது தேசிய மொத்தத்தில் சேராது.

1000 லீற்றரை அடர்த்தி 0.84ஆல் பெருக்க 840 கிலோ. நிகர வெப்பப் பெறுமானம் (எரியும்போது நீராவியோடு போகிற வெப்பத்தைக் கழித்தது) தொன்னுக்கு 43 கிகாயூல், ஆக 36.12 கிகாயூல். காரணி டெராயூலுக்கு 74100, அதாவது கிகாயூலுக்கு 74.1 கிலோ என்றால் ஏறத்தாழ 2676 கிலோ காபனீரொட்சைட்டு.

பதில் 2: சறுக்குவது இங்கேதான்: விநியோகத்தரின் அறிக்கையில் இருப்பது மொத்த வெப்பப் பெறுமானமாக (அந்த நீராவி வெப்பத்தையும் சேர்த்தது) இருக்கலாம். அதை 74.1 உடன் பெருக்கினால் விடை 5% அளவு கூடிவரும். அடர்த்தியையும் உள்ளூர் அறிக்கையிலிருந்தே எடுங்கோ.

பதில் 3: வெளியிணைப்பு இயந்திர வள்ளங்களை டீசலோடு கலக்காதேங்கோ. மண்ணெண்ணெயில் ஓடினால் நிகர வெப்பப் பெறுமானம் தொன்னுக்கு 43.8 கிகாயூல், காரணி கிகாயூலுக்கு 71.9 கிலோ. காபனீரொட்சைட்டுக்கு வழிகாட்டி தருகிற இயல்புநிலைக் காரணி போதும், அது எரிபொருளின் காபனைப் பொறுத்தது. மெதேன், நைதரசொட்சைட்டு அப்படியில்லை; இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். இரண்டடிப்பு இயந்திரத்தில் கலக்கிற எண்ணெயும் எரியுது, அதையும் கணக்கெடுப்பின் சக்தித் துறைப் பகுதியிலேயே சேருங்கோ.