‘கும்பகோணம் கிளை’ குழு: யார்க் போகும் விஷயம்

காயத்ரி: பெரியம்மா ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு சனி ஞாயிறு எங்காவது கூட்டிப் போகணும். இங்கே இங்கிலாந்திலேயே யார்க் நகரம் போகலாமா? இன்றைக்கே ரூம் போடணும்.

செல்வம்: 👍

முரளி: நல்ல பப் இருந்தால் சரி

சித்தப்பா: யார்க் சாதாரண ஊர் இல்லை. கி.பி. 71இல் ரோமானியர் கோட்டை கட்டிய இடம். 306இல் கான்ஸ்டன்டைனைப் படைவீரர்கள் சக்கரவர்த்தியாக அறிவித்தது அங்கேதான். மின்ஸ்டர் என்கிற பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்தில் அவர் சிலை இருக்கிறது. ஊரைச் சுற்றிய மதில் மேலேயே 3.4 கி.மீ. நடக்கலாம். மின்ஸ்டரின் கிழக்குச் சன்னலில் 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் செய்த வண்ணக்கண்ணாடி. ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் சனிக்கிழமையே

முரளி: சித்தப்பா, பப்

பெரியம்மா: புரட்டாசி சனியன்று என்னைச் சாராயக் கடைக்கா கூட்டிப் போகிறீர்கள்?

ராஜி: 🙈

சித்தப்பா: அண்ணி, அது நம் ஊர் டாஸ்மாக் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். ஸ்டோன்கேட்டில் ‘யீ ஓல்டு ஸ்டார் இன்’ 1644இல் லைசென்ஸ் வாங்கியது. பெயர்ப்பலகை தெருவுக்குக் குறுக்கே நிற்கும். பாராளுமன்றத்துக்கு வெடி வைக்கப் பார்த்த கை ஃபாக்ஸ் பிறந்த இடம் என்று சொல்லிக்கொள்ளும் பப் ஒன்றும் உண்டு. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயம் எதிரிலேயே.

பெரியம்மா: அங்கே சாப்பிட என்ன இருக்கும்?

காயத்ரி: யார்க்‌ஷயர் புட்டிங்

பெரியம்மா: இனிப்பா? பரவாயில்லை, கொஞ்சம் சாப்பிடலாம்

ராஜி: ஐயோ வேண்டாம். முட்டை. இனிப்பும் கிடையாது. பழைய முறையில் மாட்டுக் கொழுப்பில் சுடுவார்கள்

பெரியம்மா: பெருமாளே. நான் தயிர் சாதம் கட்டிக்கொள்கிறேன்

செல்வம்: வருணுக்கு ரயில் மியூசியம் போகணுமாம். இலவசம்தானே?

சித்தப்பா: இலவசம். மல்லார்ட் அங்கேதான் நிற்கிறது. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய நீராவி எஞ்சின், இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை. சரி, பப்பில் ஒரு விஷயம். மேசைக்கு ஆள் வரும் என்று உட்காரக் கூடாது. பல இடங்களில் கவுண்டரில் சொல்லி, காசு கொடுத்து, நாமே எடுத்து வரணும். எல்லாருக்கும் ஒருவர் வாங்கினால் ஒரு ரவுண்டு. அடுத்தது அடுத்தவர் முறை.

ராஜி: தன் முறை வரும்போது பாத்ரூம் போகக் கூடாது

செல்வம்: 😂😂

முரளி: யாரைச் சொல்கிறீர்கள் அக்கா

ராஜி: பாத் நகரத்துக்குப் போனபோது வந்தவர்களுக்குத் தெரியும்

முரளி: அந்தப் பயணத்துக்கு முழுப் பெட்ரோலும் நான்தான் போட்டேன். அது மட்டும் யாருக்கும் ஞாபகம் இருக்காது

காயத்ரி: ஆரம்பிச்சாச்சு

சித்தப்பா: ஆற்றங்கரையில் கிங்ஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு பப். ஊஸ் ஆறு பெருகினால் தண்ணீர் உள்ளேயே வந்துவிடும். எந்த வருடம் எவ்வளவு உயரம் என்று குறித்து வைத்திருக்கிறார்கள். டாட்காஸ்டர் ஊரின் சாமுவேல் ஸ்மித் பீர் கம்பெனியுடையது. 2019இல் அவர்கள் பப்களில் செல்போனுக்கே தடை போட்டார்கள்.

பெரியம்மா: அந்தக் கடைக்கு நான் வருகிறேன்

முரளி: 😂 அப்போ முதலில் அங்கேதான்

செல்வம்: காரா, ரயிலா? காரென்றால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகணும்

ராஜி: லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். காரில் முரளியின் பாட்டு கேட்க முடியாது

முரளி: அப்போ நான் தனியாக வருகிறேன்

சித்தப்பா: அந்த வாரம் குதிரைப் பந்தயம் இருக்கிறதா பார். இருந்தால் ஊரே நிரம்பிவிடும், ரூம் விலையைத் தொட முடியாது.

பெரியம்மா: காயத்ரி, அங்கே குளிருமா? உன் அம்மாவின் சால்வை ராஜியிடம்தானே இருக்கிறது?

ராஜி: என்னிடம் எதுவும் இல்லை

காயத்ரி: சால்வை பிறகு. ரூம் இரண்டா மூன்றா?

செல்வம்: 👍

காயத்ரி: செல்வம் அண்ணா, எதற்கு 👍? இரண்டுக்கா மூன்றுக்கா?