மிச்ச நூலில் சால்வை: பின்னல் தெரிந்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஸ்வெட்டர், குழந்தைத் தொப்பி என்று பின்னியதில் மிஞ்சிய உல்லன் நூல் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டது. கோத்தகிரியில் இருக்கும் அத்தைக்கு மார்கழிக்குள் அதில் ஒரு முக்கோணச் சால்வை பின்னித் தர ஆசை.

ஒரு முனையில் 3 கண்ணோடு (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) தொடங்கி, ஒரு வரி விட்டு ஒரு வரியில் ஒரு கண் கூட்டிக்கொண்டே போகிற எளிய பின்னல்தான். 5 மி.மீ. ஊசி. நூல் எங்கே தீர்கிறதோ அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் வரி நீள நீள நூலை விழுங்கும்; பத்தில் ஏழு பங்கு வரி முடியும்போதுதான் பாதி நூல் செலவாகியிருக்கும். அதனால் சின்ன உருண்டைகளை முதலுக்கும் பெரியவற்றைக் கடைசிக்கும் ஒதுக்கிவிட்டேன்.

சிக்கல் நிறத்தில். மயில்கழுத்து நீலம், கத்தரிப்பூ, மாம்பழ மஞ்சள் எல்லாம் சேர்ந்துபோகும். நடுவே ஒரு ரோஸ் இருக்கிறதே, கண்ணைக் குத்துகிறது! ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் இரண்டு வரி சாம்பல் நிறம் ஓட்டினால் அடங்குமா?

அப்புறம், ஒரு நூல் தீர்ந்து அடுத்ததைத் தொடங்கும்போது நுனிகளை இணைப்பது. அசல் கம்பளி என்றால் நுனிகளைப் பிரித்து, நனைத்து, உள்ளங்கையில் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். அக்ரிலிக் என்ற செயற்கை நூல் ஒட்டாது. முடிச்சுப் போட்டால் உறுத்தும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கம்பளியையும் அக்ரிலிக்கையும் ஒரே சால்வையில் கலந்தவர்கள் யாராவது உண்டா? துவைத்தபின் கம்பளி வரி மட்டும் சுருங்கி இழுக்குமோ என்று பயம். அத்தை வெந்நீரில்தான் துவைப்பார், சொன்னாலும் கேட்க மாட்டார்.